சைக்கிள் இன்சூரன்ஸும் செருப்புக்குள் சாவியும்

எதிர்வீட்டு பைக்கைவிட என் சைக்கிள் விலை அதிகம். அதனால் வீட்டு இன்சூரன்ஸ் போட இன்று ஏஜென்ட்டை வரச் சொல்லியிருந்தேன்.

சாதாரண பாலிசியில் இப்படிப்பட்ட சைக்கிளுக்கு முழுத் தொகை வராதாம். தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டுமாம். ஞாயிறானால் தாடிக்கொம்பு வரை மிதிப்பேன் என்றதும், வெளியில் திருடு போனாலும் பணம் தரும் பாலிசி ஒன்றைக் காட்டினார். பிடித்துப்போனது.

"ஒண்ணே ஒண்ணு சார். வீட்டுக்குள்ள இருந்து திருடு போனா, பூட்டை உடைச்ச அடையாளம் இருக்கணும்."

"நம்ம ஊருப் பூட்டு தம்பி, நாடே பேரு சொல்லும். அம்புட்டு லேசுல உடைக்க முடியாது" என்றார் அம்மா. அதோடு விட்டிருக்கலாம்.

"சாவி வாசல்ல இவுக அப்பா பழைய செருப்புக்குள்ள கெடக்கும். பால்காரர், பூக்காரம்மா எல்லாருக்கும் தெரியும்."

ஏஜென்ட் பேனாவை மூடினார். "அம்மா, சாவி போட்டுத் திறந்து எடுத்துட்டுப் போனா ஒரு பைசா வராது."

இனி சாவியை மாற்றி வைப்பதாக அம்மா வாக்குக் கொடுத்த பிறகுதான் பேனா திறந்தது. பாலிசி போட்டாயிற்று.

சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பினால் வீடு பூட்டிக் கிடக்கிறது. செருப்புக்குள் கையை விட்டேன். சாவி இல்லை. நிம்மதியாக இருந்தது.

எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து குரல் கொடுத்தார். "தம்பி, சாவி இனிமே மீட்டர் பெட்டிக்குள்ளயாம். அம்மா தெரு பூரா சொல்லிட்டுத்தான் கோயிலுக்குப் போயிருக்காங்க."

இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. நாளைக்கே இடத்தை மாற்றச் சொல்கிறேன். புது இடம் தெரிய வேண்டுமென்றால் எங்கள் தெருவில் யாரையாவது கேளுங்கள்.

உங்கள் வீட்டுச் சாவி எங்கே இருக்கும்? கமென்ட்டில் வேண்டாம், இன்பாக்ஸில் சொல்லுங்கள்.