லாபம், ரெண்டு, மூணு

பச்சமுத்து தன் ஆயுசில் ‘ஒன்று’ என்று சொல்லி எண்ணத் தொடங்கியதே இல்லை. இது ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. அங்கே தெரிந்தவள் அவருடைய மனைவி கனகா ஒருத்திதான். அவளுக்கும் அது ஞாபகத்துக்கு வர ஆறு வாரம் பிடித்தது.

தை மாதத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. வலது கையும் காலும் சோர்ந்துபோயின. பேச்சு சுத்தமாக நின்றுபோனது. கால் மெல்ல மெல்லத் தேறிவிட்டது, பேச்சு மட்டும் வருவேனா என்றது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சிவசங்கரி வெளியூர்ப் பெண், நல்ல பொறுமைசாலி. வாரத்தில் இரண்டு நாள் அவரை எதிரே உட்காரவைத்து விரலை நீட்டுவாள்.

“ஐயா, என்கூடச் சேந்து எண்ணுங்க. ஒண்ணு…”

பச்சமுத்து அந்த விரலையே பார்ப்பார். உதடு அசையும், சத்தம் வராது. அவள் ஒண்ணு ஒண்ணு என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டு நோட்டில் எதையோ எழுதுவாள்.

“பேச்சு போனவங்க நெறைய பேரு எண்ணிக்கைய மட்டும் கடகடன்னு சொல்லிடுவாங்கம்மா. இவருக்கு அதுவும் வரலயே,” என்றாள் ஒருநாள்.

கனகா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருஷம் எண்ணுவதையே தொழிலாக வைத்திருந்த மனுஷனுக்கு எண்ணிக்கையே வரவில்லை என்றால் இனி என்னதான் வரும்? நாலு மாசத்துக்குள் வராவிட்டால் கஷ்டம் என்று பெரிய டாக்டர் வேறு சொல்லிவைத்திருந்தார். அவள் மலையைக் கேட்கவில்லை. தன் முகத்தைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான்.

மாசிக் கடைசியில் மருந்து வாங்கிக்கொண்டு பாலக்கரைப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். வேர்க்கடலை வண்டிக்காரர் ஒருவர் படியில் அளந்து ஓர் அம்மாளின் பையில் கொட்டிக்கொண்டிருந்தார். “லாபம்… ரெண்டு… மூணு…” கனகா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் பைக்கில் வந்தவன் திட்டியது அவள் காதில் விழவில்லை.

அகராதியைப் புரட்டினால் லாபம் என்பது போட்ட பணத்துக்கு மேல் கையில் நிற்பது. இந்தப் பக்கத்தில் நெல் அளக்கிற இடத்தில் கேட்டால் அது முதல் மரக்காலின் பெயர். ஒன்று என்று சொல்லி வைத்தால் அந்த ஒன்றோடு நின்றுவிடுமோ என்று பயம். நல்ல வார்த்தையாகச் சொல்லித் தொடங்கினால் நெல் அம்பாரம் குறையாமல் வளரும் என்று ஒரு நம்பிக்கை. காரணம் கேட்டால் அளக்கிறவர் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். “அப்புடித்தான் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த மரக்காலை முகப்பார்.

பச்சமுத்து கம்மாபுரத்துக்காரர், சின்ன வயசில் நெல் அளந்த கை. நூர் முகம்மது பாயின் பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். சூளையிலிருந்து இறங்குகிற கப்பையும் ஊறுகாய் ஜாடியையும் எண்ணி வைக்கோல் பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. சூளைக்குப் போகுமுன் கப்பின் அடியில் வழிந்த மெருகுப் பூச்சை ஈரத்துணியால் துடைப்பது கனகாவின் வேலை. இருவருக்கும் நடுவில் ஒரு தட்டி மறைப்பு. லாபத்தை மட்டும் அவர் ராகம் போட்டு இழுப்பார், ரெண்டு வெடுக்கென்று விழும், அதற்குப் பிறகு ஓட்டம்தான். சூளைச் சூட்டில் வியர்வை வழிய, அந்தக் குரலுக்குத் தகுந்தபடி கனகாவின் கையும் ஓடும். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குரல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சுக்குள் இதமாக இருக்கும்.

நூர் முகம்மது பாய் தன் வாயால் லாபம் என்று சொல்லி யாரும் கேட்டது கிடையாது. நல்ல சீசனில்கூட, வியாபாரம் எப்படி என்றால், “ஏதோ ஓடுதுப்பா” என்பார். வியாபாரிகளே அப்படித்தான், வயிறு நிறைந்தாலும் ஏப்பத்தை அடக்கிக்கொள்கிற ஆட்கள். “என் பட்டறையில லாபம் லாபம்னு நாள்பூரா சொல்றவன் இவன் ஒருத்தன்தான். மிச்சம் வெக்காம எல்லாத்தையும் இவனே சொல்லித் தீத்துடறான்,” என்று பச்சமுத்துவைக் கிண்டல் செய்வார். கல்யாணத்துக்கு அவர் கொடுத்த ஆறு கப்பில் இரண்டு இன்னும் உடையாமல் இருக்கின்றன.

கல்யாணமான புதிதில் கனகா உலைக்கு அரிசி அளந்தாள். “ஒண்ணு” என்று சொல்லி முறத்தில் போட்டதுதான் தாமதம், பச்சமுத்து எழுந்து வந்து அந்த அரிசியை எடுத்துத் திரும்ப டம்ளரில் கொட்டினார். “லாபம்னு சொல்லிப் போடு” என்றார். அன்றைக்கு வீட்டில் இருந்ததே ஒரு டம்ளர் அரிசிதான். ரெண்டு என்று சொல்ல அடுத்த டம்ளருக்கு வழியில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் உலைநீர் பாதி வற்றிப்போனது.

இத்தனையும் தெரிந்தும், படித்த பெண் சொல்லிக்கொடுக்கிறாளே, சரியாகத்தான் இருக்கும் என்று ஆறு வாரம் யோசிக்காமலே இருந்துவிட்டோமே என்று கனகா தன்னையே நொந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து மருந்துப் பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“லாபம்…” என்று இழுத்தாள்.

பச்சமுத்து நிமிர்ந்தார்.

“ரெண்டு,” என்றார். “மூணு. நாலு.”

பதினொன்று வரைக்கும் போய் மூச்சு வாங்கினார். கனகா அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சிவசங்கரி இதைக் கேட்டுவிட்டு நோட்டில் எழுதியிருந்ததை அடித்தாள். “எங்க ஊர்ல இப்படி எண்ணி நான் கேட்டதே இல்லம்மா,” என்று வெட்கத்தோடு சொன்னாள். அதோடு விடாமல், அதிகமாக ஆசைப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். “எண்ணிக்கை பழக்கத்துல தானா வர்றது. பேச்சு வேற. இவரா யோசிச்சு ஒரு வார்த்த சொல்லணும்.”

அவள் சொன்னபடிதான் ஆனது. பங்குனிக்குள் பச்சமுத்து நூறு வரை தடங்கல் இல்லாமல் எண்ணினார். மற்றபடி ஒன்றுமில்லை. சோறு போடட்டுமா என்று கேட்டால் பதினேழு என்பார். தான் சொன்னது தப்பு என்று அவருக்கே தெரிந்து தலையைக் குனிந்துகொள்வார். அடுத்த வீட்டுத் தனக்கோடி, “தெனம் நூறு எண்ணி என்னாக்கா லாபம்? ஒரு வார்த்த பேசலயே,” என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனாலும் அந்தக் கேள்வி கனகாவை முள்ளாகக் குத்தியது. சித்திரையும் பாதிக்கு மேல் போய்விட்டது, டாக்டர் சொன்ன நாலு மாசம் முடியப் பத்து நாள்தான் பாக்கி.

அந்த வாரத்தில் நூர் முகம்மது பாய் ஆட்டோவில் வந்து இறங்கினார். பட்டறையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். வைக்கோல் போட்ட ஒரு பெட்டி நிறையக் கப்புகள் கொண்டுவந்திருந்தார்.

“வெறும் வாயால எண்ணுனா அவனுக்கு என்னா இருக்குது? கையில சரக்கு இருக்கட்டும்மா,” என்றார்.

அந்தக் காலத்தில் பச்சமுத்து கைக்கு ஒரு கப் எடுத்து, விளிம்போடு விளிம்பு லேசாகத் தட்டுவார். கணீரென்று கேட்டால்தான் ஜோடியைப் பெட்டியில் வைத்து ஓர் எண்ணிக்கை சொல்வார். இப்போது வலது கை எழும்பாது. அதனால் கனகா அவர் வலப்பக்கமாக உட்கார்ந்து அந்தக் கையின் வேலையைத் தான் எடுத்துக்கொண்டாள். அவர் கையில் ஒரு கப், அவள் கையில் ஒரு கப்.

லாபம் என்று அவள் இழுத்துக் கொடுக்க, கணீர், ரெண்டு, கணீர், மூணு என்று போனது. பாய் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இருபது தாண்டியது. இருபத்திரண்டு தாண்டியது. அடுத்த தட்டு டொக்கென்று கேட்டது. எண்ணிக்கை நின்றது.

மறந்துவிட்டார் போல என்று நினைத்து, “இருவத்தி மூணு,” என்று கனகா எடுத்துக்கொடுத்தாள்.

அவர் அதைச் சொல்லவில்லை. அவள் கையில் இருந்த கப்பையே பார்த்தார். நெற்றி சுருங்கியது. பாய் கண்ணைத் திறந்தார்.

“கீறலு,” என்றார் பச்சமுத்து.

பிறகு தன் முகத்தைக் கனகாவின் பக்கமாகத் திருப்பினார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, குழறிக் குழறித்தான் வந்தன. கோபம் மட்டும் கொஞ்சமும் குழறவில்லை.

“கண்ணு… எங்க… இருக்குது ஒனக்கு?”

கனகா கப்பை முகத்துக்கு நேராகத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் முட்டிக்கொண்டு நின்ற நீரில் அந்தக் கீறல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.