இரண்டாம் பதிப்பின் கடைசி ஞாயிறு

"திரு. யேசுதாஸ், தலைமை எழுத்தர். அமைதியே உருவானவர். மாற்றங்களை இன்முகத்தோடு ஏற்பவர். எவர் மனமும் நோகப் பேசாதவர். இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் கைப்பட எழுதிய மதிப்பெண்களில் ஓர் எண்கூடப் பிழையானதில்லை."

பணியில் சேர்ந்த வெள்ளிவிழா அன்று பள்ளி நிர்வாகம் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த வாழ்த்து மடல் இது. எழுதியவர்கள் அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்ததில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு அவர் கோரிப்பாளையத்தில் பீமாராவின் தட்டச்சுப் பள்ளி மாடியில் இருப்பார். முன்னால் வினாத்தாள் கட்டு வரும் அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு கதையாட்டத்துக்கு பெங்களூரில் நகலெடுத்து வந்த விதிப் புத்தகம், இரண்டாம் பதிப்பு. கதை சொல்பவர் அவர். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, அவனைப் பற்றிய விவரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அவர் சொல்லும் குகைக்குள் இறங்குவார்கள். வெட்டு விழுமா, தப்புவானா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். பள்ளியில் ஜன்னலைத் திறக்கக்கூட அனுமதி கேட்கும் மனிதர் இங்கே மழை என்றால் மழை. இருபது வருடமாக அப்படித்தான்.

வந்தது வினை ஐந்தாம் பதிப்பு வடிவில். அது எல்லோர் கைப்பேசியிலும் இருந்தது.

பூதங்கள் இரண்டு பதிப்பிலும் அதே பூதங்கள்தான். வித்தியாசம் சாவில். பழையதில் வீரன் சாகக் கிடந்தால் கதை சொல்பவர் திரைக்குப் பின்னால் ஒரே ஒரு முறை பகடை போடுவார். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைப்பான். குறைந்தால் செத்தான், அவன் தாளை அவனுக்குரியவரே கிழித்து பிஸ்கட் டின்னில் போட வேண்டும். புதியதில் ஆடுபவரே எல்லோர் கண் முன்னாலும் போடலாம், மூன்று முறை.

"மூணு தடவையா? சாவுக்கு அரியர் எழுதப் போறீகளா?" என்றார் யேசுதாஸ்.

காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஸ்ரீராம்குமார் விடவில்லை. "அண்ணே, உங்க ரெண்டாம் பதிப்புல ஆடுறவனுக்கு என்ன வேலை? நீங்க சொல்றதக் கேட்டுட்டு பப்ஸு திங்குறதா?"

"பகடைக்குப் பயம் வேணும் மாப்ள. பயமில்லாட்டி அது பரமபதம்."

"பகடைக்கா, உங்களுக்கா?"

பழைய பதிப்பே சிறந்தது என்பவர்களும் புதியதே சிறந்தது என்பவர்களும் பேசுவது விதிகளைப் பற்றித்தான். அந்த மேஜையில் தனக்கு எந்த நாற்காலி என்பதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. மற்றபடி மிக நாணயமான விவாதம் அது.

ஷெரின் மட்டும் விவாதிக்கவில்லை. அவள் ஆடியது தன் அண்ணன் ஜோவின் வீரனை. பெயர் காளை. ஜோ பரவை மார்க்கெட் திருப்பத்தில் லாரி மோதி இறந்து இரண்டு வருடமாகிறது. அடக்கம் முடிந்த அடுத்த மாதம் அவள் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அவன் இடத்தில் உட்கார்ந்தாள். ஜோவின் நீல மசிக் கையெழுத்து, ஓரத்தில் சால்னாக் கறை, 'பயம்: பல்லிக்கு மட்டும்' என்று ஒரு வரி. வீட்டில் அவன் கையெழுத்து என்று வேறெதுவும் மிஞ்சவில்லை.

"புதுசுக்குப் போனா புதுத் தாள்தானண்ணே எழுதணும்? இத நான் சட்டம் போட்டு வச்சுக்குவேன். இங்க கொண்டாரவே மாட்டேன்" என்று யேசுதாஸிடம் தனியாகச் சொன்னாள். அவர்தான் எதிர்க்கிறார் என்பதால் அவரிடமே சொன்னாள். தலையாட்டினார்.

கை தூக்கச் சொன்னபோது ஸ்ரீராம்குமார், ஷெரின், பீமாராவ் மூன்று பேர் கையும் ஐந்தாம் பதிப்புக்கு உயர்ந்தன. அடுத்த வாரத்திலிருந்து கதை சொல்வது ஸ்ரீராம்குமார்.

"நல்லது. நடக்குற கதைய மட்டும் இன்னைக்குப் பழைய விதியில முடிச்சுருவோம்" என்றார் யேசுதாஸ், இன்முகத்தோடு.

ஷெரின் அன்று காளையை எல்லோருக்கும் பின்னால் நிறுத்தினாள். முன்னால் போனவர்கள் பூதத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். திரும்பும் வழியில் ஒரு கயிற்றுப் பாலம் வந்தது. போகும்போது அங்கே பாலம் இல்லை.

"காளை கால வைக்கையில கயிறு அறுந்துருச்சு" என்றார் யேசுதாஸ்.

"அண்ணே, நாங்க போனப்ப அங்க தரைதான இருந்துச்சு?" என்றார் ஸ்ரீராம்குமார்.

"இப்ப பாலம்."

திரைக்குப் பின்னால் பகடை உருண்டது. குனிந்து பார்த்தார். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மூணு."



"கடைசி நாளுண்ணே, விடுங்க" என்றார் ஸ்ரீராம்குமார்.

"நானா சொன்னேன்? பகடை சொல்லிருச்சு."

ஷெரின் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "காளை செத்தது செத்ததாவே இருக்கட்டும்ண்ணே. தாள மட்டும் விட்டுருங்க."

யேசுதாஸ் பீமாராவைப் பார்த்தார். பீமாராவ் இருபது வருடத்தில் ஏழு வீரர்களை இழந்தவர். ஏழு தாளையும் கிழித்தவர். "நான் ஏழு கிழிச்சேன்ம்மா" என்றார், பப்ஸ் துணுக்கைத் துடைத்தபடி. "அதுல ஒண்ண எழுத எனக்கு மூணு வாரமாச்சு. அன்னைக்கு யாரும் விடச் சொல்லல."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, எடுத்துட்டுப் போ" என்றார் யேசுதாஸ் கனிவாக. "ஆனா ஜோ இருந்திருந்தா கிழிச்சிருப்பான். பகடைக்கு மேல பேச மாட்டான் அவன்."

அது உண்மை. ஜோ அப்படிப்பட்டவன்தான் என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் தாளை முதலில் இரண்டாகக் கிழித்தாள். பிறகு நான்காக. பல்லி வரி இருந்த துண்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு அதையும் டின்னில் போட்டாள். யேசுதாஸ் மூடியை அழுத்தி மூடினார். "வாரேன்ண்ணே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. ஸ்ரீராம்குமார் கதை சொல்ல, ஐந்தாம் பதிப்பை இரண்டு பேர் ஆடினார்கள்.

அன்று பகடையில் விழுந்திருந்தது பதினான்கு. யேசுதாஸ் மூன்று என்று சொன்னார்.