சீயக்காயில் குளித்த ஆடு

என் மனைவிக்கு ஆட்டு வாடை ஆகாது. நான் கம்பளி நூற்கத் தொடங்கிய மறுவாரமே ராட்டை ஹாலிலிருந்து கராஜுக்குப் போய்விட்டது. கடல் தாண்டி வந்து நாங்கள் குடியேறிய கெல்லிவில்லில், காருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நூல் நூற்கிற ஆள் அநேகமாக நான் ஒருவன்தான். நாளெல்லாம் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு வருகிறவனுக்கு, விரலிடுக்கில் ஒரு பொருள் உருவாகி வருவது எத்தனை சுகம் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இந்த வருடம் வசந்தகாலக் கம்பளித் திருவிழாப் போட்டிக்கு நூற்ற நூலை ஒரு சிட்டமாகச் சுற்றி அனுப்புவதென்று முடிவு கட்டினேன். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கெல்லாம் கைதட்ட மட்டுமே போனவன் நான். மேடையேறி ஒரு சோப்பு டப்பாகூட வாங்கியதில்லை. ஐம்பது வயதில் அந்த ஆசை வந்து தொலைத்தால் என்ன செய்வது?

ஒரு பண்ணையில் வெள்ளை ரோமம் ஒரு மூட்டை வாங்கிவந்து, துணி துவைக்கும் தொட்டியில் ஊறவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் ரோமம் பழுப்பாகக் கிடக்கிறது.

"நாத்தம் தாங்கல. பென்டில் ஹில்ல நம்மூர்க் கடையில வாங்கின சீயக்காய்ப் பொடி இருந்துச்சு. சுடுதண்ணியில கரைச்சு ஊத்திட்டேன்," என்றாள் மனைவி. "தலைமுடிக்குப் போடுறதுதானே, ஆட்டு முடிக்குப் போட்டா என்ன?"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அதை அலசிக் காயப்போட்டேன். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் அதையே நூற்க உட்கார்ந்தேன். அடடா, என்ன நிறம்! பால் தூக்கலாகப் போட்ட டீ மாதிரி. அதையே போட்டிக்கு அனுப்பினேன். படிவத்தில் 'சாயமிடாதது, இயற்கை நிறம்' என்ற கட்டத்தில் டிக் போடும்போது கை கொஞ்சம் தயங்கியது. சாயமா போட்டோம், குளிப்பாட்டத்தானே செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திருவிழாவுக்கு, "நான் டிரைவரா மட்டும் வர்றேன்," என்று அவளும் கிளம்பினாள். இரண்டு மணி நேர ஓட்டம். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டகை கொட்டகையாக ரோமம், குழந்தையைத் தூக்குவதுபோல் ராட்டையைத் தூக்கிக்கொண்டு திரியும் மனிதர்கள். கண்ட கூடையிலெல்லாம் கையை விட்டேன். அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

போட்டிக் கூடத்தில் என் சிட்டத்தின்மேல் நீல ரிப்பன் குத்தியிருந்தது. முதல் பரிசு. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே நின்றிருந்த நடுவர் அம்மாள் கை கொடுத்து, இது என்ன ஜாதி ஆடு, இந்த நிறத்தில் நான் பார்த்ததே இல்லையே என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். வெள்ளை ஆடுதான், நான்தான் சீயக்காய் போட்டு அலசினேன் என்று இங்கிலீஷில் விலாவாரியாக விளக்கினாள். என் நூலைப் பற்றி வெளியாளிடம் அவள் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

நடுவர் சங்கடத்தோடு சிரித்தார். அப்படியானால் இது சாயமிட்ட நூல் என்று சொல்லி, ரிப்பனைக் கழற்றிப் பக்கத்துச் சிட்டத்தில் குத்தினார். மனைவியின் முகம் சுருங்கிப் போனது.

"நான் கெடுத்துட்டேனாங்க?"

"நீ ஒண்ணும் கெடுக்கல. தெரிஞ்சேதான் டிக் போட்டேன்," என்றேன். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

அந்த அம்மாள் விடவில்லை. சிட்டத்தை மோந்து பார்த்து, அது என்ன பொடி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று என் மனைவியைத் துருவ ஆரம்பித்தார். இன்னும் இரண்டு பெண்கள் நோட்டும் பேனாவுமாக வந்து சேர்ந்தார்கள். நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். துப்பட்டா மூக்கைவிட்டு எப்போதோ இறங்கியிருந்தது.

திரும்பும்போது பாதி வழியில், காரை ஓட்டிக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, சாயம் போட்டதுக்குத் தனிப் போட்டி இருக்காமே?"

"இருக்கு. அடுத்த வருஷம் அதுல போடுறேன்."

"நீங்க ஏன் போடணும்? சீயக்காய் என்னோடது. வீட்டுக்குப் போனதும் ராட்டையைத் தூக்கிட்டு வந்து ஹால்ல போடுங்க. எனக்கெல்லாம் கராஜ்ல உக்காந்து பழக்கமில்ல."