கழுவாத மெஷினும் நான் கேட்ட வெயிலும்

என்னைக் கெடுத்தவர் வெளியாள் இல்லை, சகோதரிகளே. ஒரே தாய் வயிற்றில் எனக்கு முன்னால் பிறந்த என் காக்கா. இதை எழுதி இரண்டு தரம் அழித்தேன். ஆனால் அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வந்தால் இதை ஒளித்துவிட்டுச் சொல்ல முடியாது.

கல்முனைக்கு மேற்கே எனக்கு நாலு ஏக்கர் வயல் இருக்கிறது. வாப்பா சீதனமாக எழுதித் தந்தது. என்னைக் கட்டிய மாப்பிள்ளை மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு நானே வெள்ளாமை செய்கிறேன். மற்றவர்களைப் போல நெல்லை ஆலைக்குக் கொடுத்துவிட்டுக் காலத்தை ஓட்டலாம். எனக்கு அது போதவில்லை. விதைநெல் போட வேண்டும், என் பெயர் எழுதிய அட்டை தொங்கும் மூடையை எங்கள் பக்கத்துப் பெரிய வயல்காரப் போடிமார் வாங்கி விதைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் பெயரில் அப்படி அட்டை இருந்ததில்லை. இவளுக்கு ஏன் இந்த வேலை என்று சிரித்தவர்களும் உண்டு.

விதைநெல்லில் வேறு இன நெல் கலக்கக் கூடாது; கலந்தால் விவசாயப் பகுதிப் பரிசோதனையில் தேறாது, அட்டையும் இல்லை. அதுதான் பாடு. அந்த மாரிப் போகம் முழுக்க முதுகை வளைத்து, வரம்பு வரம்பாக நடந்து, வேறு இனக் கதிர் தெரிந்தால் வேரோடு பிடுங்கினேன். வயலைப் பார்க்க வந்த விவசாயப் பகுதி உத்தியோகத்தர், சின்ன வயசுப் பிள்ளை, நல்லா இருக்கு என்று எழுதிவிட்டுப் போனார்.

மிச்சம் கதிர் வெட்டு மட்டும். காக்காவிடம் வெட்டு மெஷின் இருந்தது. முதல் வயலில் வெட்டிய நெல் மெஷினின் வயிற்றுக்குள் தங்கிவிடும். கழுவித் துடைக்காமல் அடுத்த வயலில் இறக்கினால் அந்த நெல் இந்த நெல்லோடு கலந்துவிடும். அவருக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இருந்தும் கேட்டேன்.

“காக்கா, மெஷினக் கழுவினீங்களா?”

“ஓம் புள்ள, கழுவித்தான் கொண்டுவந்த. பயப்படாத.”

இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் ஓம் என்றார். பகலைக்கு மீனாணக் குழம்பு காய்ச்சி, வயல் வாடிக் குடிசையில் வைத்து என் கையால் சோறு போட்டுக் கொடுத்தேன். நல்லாத்தான் சாப்பிட்டார்.

பரிசோதனையில் நெல் தேறவில்லை. உத்தியோகத்தர் பிள்ளை என் முற்றத்தில் நின்று சில நெல்லை நகத்தால் உரித்துக் காட்டினார். உள்ளே சிவப்பு அரிசி. என் வயலில் விதைத்தது வெள்ளை. பக்கத்தில் நின்ற காக்கா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“பொம்புள தானே, கதிர் புடுங்கேக்க பாக்காம விட்டிருப்பா.”

அக்கம்பக்கத்தார் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நெல் போனது ஒரு நோவு. இந்தச் சொல் வேறு நோவு.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வயல் வட்டையில் சிவத்த நெல் விதைத்தவர் ஒருவர் ஒன்றும் அறியாமல் சொன்னார், “விடிய எங்கட வயல வெட்டி முடிச்சிட்டு உங்கட காக்கா நேரா உங்கட வயலுக்குத்தான் மெஷின இறக்கினார்.” கழுவவே இல்லை. கழுவ அரை நாள் போகும், அதற்குள் இன்னொரு வயல் வெட்டலாம். அந்த அரை நாளுக்கு என்னை விற்றுவிட்டார்.

மறைக்க மாட்டேன். அந்தக் கிழமைக்குள் ஒரு நடுப்பகல், லுஹர் நேரம் வாடியில் உரச் சாக்கை விரித்துத் தொழுதுவிட்டு, “யா அல்லாஹ், அந்த மெஷின் சேத்துக்குள்ள புதையட்டும்” என்று கேட்டேன். நல்ல துஆ இல்லை. ஆனால் நெஞ்சில் இருந்தது அதுதான்.

விதைநெல்லை மட்டும் விடவில்லை. அடுத்த மாரிக்கு மறுபடி விதைத்தேன், மறுபடி வளைந்து பிடுங்கினேன். இந்த முறை வெளியூர் மெஷின் ஒன்றை வாடகைக்குப் பேசினேன். கழுவித்தான் கொண்டுவருவேன் என்று அதன் முதலாளி சத்தியம் பண்ணினார். மெஷின் இறங்கத் தரை காய வேண்டும். அதனால் ஐந்து வக்துத் தொழுகையிலும் ஒரே துஆதான். வெட்டு முடியும்வரை மழையை நிறுத்தி வை, ரப்பே.

இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது.

அப்போதுதான் உண்மையில் உடைந்தேன். கூடப்பிறந்தவரும் கைவிட்டார், நீயுமா என்று கேட்டுவிட்டேன். அஸ்தஃபிருல்லாஹ். அப்படிக் கேட்ட வாய்தான் இது.

மூன்றாம் நாள் காலையில் அந்த முதலாளி, பார்க்கலாம் என்று மெஷினைக் கொண்டுவந்தார். வாய்க்கால் கரையைத் தாண்டி என் வயலுக்குள் இறங்கியதுதான், ஒரு கதிரும் வெட்டும் முன் சங்கிலிச் சக்கரம் சேற்றில் புதைந்தது. நான் சாபமிட்டது காக்காவின் மெஷினுக்கு, புதைந்தது நான் பேசின மெஷின். டிராக்டர் கட்டி இழுத்துக் கரையில் ஏற்றினார்கள். சேற்றை எடுக்க அடி மூடியைக் கழற்றினார்கள். சேற்றோடு பொலபொலவென்று நெல் கொட்டியது.

என் நெல் இல்லை. என் வயலில் அது இன்னும் ஒரு தாளும் வெட்டவில்லையே. முதலாளி தலையைச் சொறிந்தார். கழுவின ஆள் சரியாகக் கழுவவில்லையாம்.

அந்த வரம்பிலேயே, சேற்றிலேயே நெற்றி வைத்து ஸுஜூது செய்தேன். நான் கேட்ட வெயிலை அல்லாஹ் தந்திருந்தால் என் நெல் இரண்டாம் முறையும் கெட்டிருக்கும். நான் அழுது திட்டிய மழைதான் அதைக் காத்தது.

அன்று பகலே ஆலையடிவேம்புக்குப் போன் கோல் எடுத்தேன். அங்கே பூமணி அக்கா என்று ஒருவர், பெண்களைச் சேர்த்துக்கொண்டு கூலிக்குக் கத்தியால் வெள்ளாமை வெட்டுகிறவர். அடுத்த நாளே பதினாறு பேரோடு வந்து இறங்கினார். சேற்றைக் கண்டு முகம் சுளிக்கவில்லை.

“கத்திக்கு வயிறு இல்லயே தங்கச்சி, ஆர்ர நெல்ல அது ஒளிச்சு வச்சிருக்கப் போகுது?” என்று சொல்லிவிட்டுக் குனிந்தார்.

அதற்குப் பிறகு நல்ல வெயில். புதுப் படங்குச் சீலை விரித்து, கையால் அடித்து, காயவைத்துக் கட்டினோம். பரிசோதனையில் நெல் தேறியது. என் பெயர் எழுதிய அட்டை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பேன் என்று நினைத்திருந்தேன். அழுதேன்.

ஒரு காரியம் மட்டும் பாக்கியிருந்தது. காக்கா மக்காவுக்கு உம்றாப் பயணம் புறப்பட்டார். புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுப் பொருத்தம் வாங்குவது நமக்குள் வழக்கம். என் வீட்டுக்கும் வந்தார். எல்லா வீட்டிலும் சொல்வதையே சொன்னார்.

“தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதப் பொருந்திக்க, தங்கச்சி.”

“தெரியாம செஞ்சத எப்பவோ பொருந்திக்கிட்டன் காக்கா. தெரிஞ்சு செஞ்சத நீங்க சொல்லுங்க.”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “மெஷினக் கழுவல்ல. கழுவின எண்டு பொய் சொன்ன. பழிய உன்ட தலையில போட்ட” என்றார்.

பொருந்திக்கிட்டன் என்று சொன்னேன். அந்தச் சொல் என் வாயில் வந்ததே துஆவின் பலன்தான், என் திறமை இல்லை. நோவு முழுதாகப் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். இந்த மாரியும் பூமணி அக்காவின் ஆட்கள்தான் வெட்டினார்கள். பொருத்தம் வேறு, மெஷின் வேறு.

சகோதரிகளே, பெரிதாக ஆசைப்படுங்கள். விழுந்தால் வழியை மாற்றுங்கள், ஆசையை மாற்றாதீர்கள். கேட்டது வரவில்லை என்று துஆவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மக்காவில் இருந்து காக்கா கோல் எடுத்தார். கஃபாவுக்கு முன்னால் நிற்கிறாராம். “உன்ட வயலுக்கு என்னத்தக் கேக்க, வெயிலா மழையா?” என்றார்.

“நல்லதக் கேளுங்க காக்கா. அது வெயிலா மழையா எண்டு அவன் பாத்துக்குவான்.”