டார்ச் வெளிச்சத்தில் இறங்கியவை

எண்பதுகளின் இறுதியில் நான் விலங்கியல் முதுகலை மாணவி. விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றுப் புழு ஒன்று இட்ட முட்டைகளைக் கடல்நீரோடு மின்சார ரயிலில் ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய பிஸ்கட் ஜாடியில் வைத்தேன்.

பொரிந்து வந்தவை தூசியளவே இருந்தன. சில நீண்ட மயிர்களோடு வெளிச்சத்தை நோக்கி நீந்தின. சில குட்டையாக, அடியிலேயே கிடந்தன. இரண்டு இனங்கள் கலந்துவிட்டன என்றார் பேராசிரியர். ஒரே தாயின் பிள்ளைகள் என்பது என் கட்சி. அதை நிறுவ இரு வகையும் பிழைத்து, ஒரே உருவப் புழுவாக வளர வேண்டும். என் ஆய்வேடே அந்த ஜாடிக்குள் இருந்தது.

ஒருநாள் காலை பால் வாங்கித் திரும்பினேன். கொசு ஒழிப்புக்காரருக்கு அம்மா வழக்கம்போலப் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தார். ஜாடி நீரின் மேல் அவர் ஊற்றிய எண்ணெய் படலமாக மினுங்கியது.

"இன்னாம்மா, படிச்ச ஊட்ல கொசுவ ஜாடி போட்டு வளக்குறீங்க?"

"ஐயோ, கொசு இல்லண்ணா. கடல் புழு!"

"ஆவடில ஏதும்மா கடலு?"

கொசுப்புழு மூச்சுவிட மேலே வரும். எண்ணெய் அதை அடைத்துக் கொல்லும். என்னுடையவற்றுக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் சன்னல் வெளிச்சம் நீந்துபவற்றை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. சில ஏற்கெனவே எண்ணெயில் ஒட்டியிருந்தன.

போர்வையால் ஜாடியை மூடினேன். "உங்க டார்ச்ச அடியில பிடிங்கண்ணா. ஆட்டாதீங்க."

அவர் குந்தி உட்கார்ந்து பிடித்தார். போர்வைக்குள் தலையை நுழைத்துப் பார்த்தேன். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு புள்ளிகள் ஒவ்வொன்றாக இறங்கின. குளுக்கோஸ் ஏற்றும் பழைய குழாயை அடிவரை விட்டு உறிஞ்சி, இரு வகையையும் மிச்சமிருந்த கடல்நீர்க் கிண்ணத்துக்கு மாற்றினேன்.

நீந்துபவை நீந்தின. குட்டையானவை மட்டும் உருண்டையாகச் சுருண்டு கிடந்தன. அஞ்சினாலும் அப்படித்தான் சுருளும், செத்தாலும் அப்படித்தான்.

பூதக்கண்ணாடியை எடுத்தும் குனிந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அதைக் கொசு ஒழிப்புக்காரரே வாங்கிக்கொண்டார்.

"உங்க சூப்பர்வைசர் தேடப் போறாரு," என்றார் அம்மா.

"தேடட்டும்மா, இரு." அவர் கண்ணை எடுக்கவில்லை. "சுருண்டுக்கினே கீது... இன்னும் சுருண்டுக்கினே கீது..."

நான் கிண்ணத்தின் விளிம்பைப் பற்றியிருந்தேன்.

"ஏம்மா, ஒண்ணு நிமிருது. அந்தாண்ட இன்னொண்ணு!"