ஒற்றை அறைக்குள் அத்தனை பேரும்

ராஜபாளையத்தில் ஞானராஜ் அண்ணனின் ஸ்டுடியோ வாசலுக்கு நான் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து டீக்கடை அக்கா கிளாஸைக் கழுவிக்கொண்டே, "ஏட்டி முத்துலெச்சுமி, இன்னைக்குக் கடை தொறக்காது. விடியக்காலம் நெஞ்சு வலின்னிருக்காக. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே அண்ணாச்சி போயிட்டாக" என்றார். முந்தின நாள் சாயங்காலம்தான், "நாளைக்கு வெள்ளன வாம்மா, ஆல்பம் வேலை கெடக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஞானராஜ் அண்ணனைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய மீன்கண் லென்ஸையும் தெரிந்திருக்கும். முட்டைக்கண் மாதிரி முன்னால் புடைத்திருக்கும். மண்டபத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரே படத்தில் அள்ளிவிடும். ஓரத்தில் இருப்பதை மட்டும் வளைத்துவிடும். அதை வைத்து எதையாவது எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் ஐந்தாவதோடு நின்றவள். படங்களின் ஓரம் வெட்டி ஆல்பம் ஒட்டுவது அவரிடம் என் வேலை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். சீர்த்தட்டோடு தாய்மாமன் வரிசையின் கடைசியில் நின்றதைக் கவனிக்காமல் அண்ணன் அந்த லென்ஸைப் போட்டு எடுத்துவிட்டார். ஆல்பம் போன மறுநாளே மாமன் கடைக்கு வந்துவிட்டார்.

"சீர் செஞ்சவன் நானு. என் தலையப் பூசணிக்காயாக்கி வச்சிருக்கீரே! மாப்பிள்ளை வீட்டுக்காரக மட்டும் எம்புட்டு அழகா நிக்காக!"

அண்ணன் சிரிக்கவில்லை, கைகூப்பினார். அவர் போன பிறகு என்னிடம், "ஓரத்துல யாரு நிக்கான்னு பாத்துட்டுத்தாம்மா பட்டன அமுக்கணும்" என்றார்.

மில்லில் முதுகெலும்பில் அடிபட்ட பிறகு என் வீட்டுக்காரருக்குக் கட்டில்தான் எல்லாம். மகள் கல்யாணத்துக்கு, "பொணங் கணக்கா என்னயத் தூக்கிட்டுப் போகாதீக" என்று மண்டபத்துக்கு வர மறுத்துவிட்டார். ஆல்பத்தில் அப்பா இல்லையே என்று மகள் அழுதாள். மறுவீட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்த அன்று அண்ணன் அந்த லென்ஸோடு எங்கள் ஊரான மம்சாபுரத்துக்கு வந்தார். எங்கள் வீடு ஒற்றை அறை. வேறு லென்ஸில் எடுத்தால் கட்டில்கூட முழுசாக விழாது.

மூலையில் ஸ்டூல் மேல் ஏறி எடுத்தார். கேமராவில் பார்த்தால் கட்டில் ஓரமாக விழுந்து, என் வீட்டுக்காரரின் சூம்பின கால்கள் இழுத்துவிட்டதுபோல நீண்டு கிடந்தன.

"படுத்தே கெடந்து வளந்துட்டேன் போல, அண்ணாச்சி" என்றார் இவர். சிரித்தோம். மகள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணன் அதை உடனே அழித்தார். "மாப்பிள்ள, கட்டிலச் செத்த பிடிங்க. அவுக நடுவுல வரட்டும். மத்தவுக வளைஞ்சா வளைஞ்சிட்டுப் போறாக."

நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம். படத்தில் சுவர் வளைந்திருக்கிறது, நான் கோணிப்போயிருக்கிறேன். என் வீட்டுக்காரர் மட்டும் நேராக, மகள் கையைப் பிடித்தபடி இருக்கிறார். அந்த வருஷமே அவரும் போய்விட்டார்.

அந்த லென்ஸைக் கீழே சாய்த்து எடுத்தால், எடுப்பவரின் கால்விரலும் அடியில் விழுந்துவிடும். "அசிங்கமா இருக்கு, வெட்டிரும்மா" என்பார் அண்ணன். எத்தனையோ படங்களில் வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். எங்கள் படத்தில் விழுந்ததை மட்டும் வெட்ட மனசு வரவில்லை. அன்றைக்கு அவரும் எங்களோடு அந்த அறைக்குள் இருந்தவர்தானே. ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்த அந்தக் கால்விரல்கள்தான் அண்ணன் என்று என்னிடம் இருப்பவை.