பாரிவாக்கம் ஏரியில் ஒரு கொக்கு

என் படங்களில் ஏரி இருக்கும், கரை இருக்கும், சீமைக் கருவேலம் இருக்கும், தூரத்தில் பாதி கட்டிய அடுக்குமாடி கூட இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் எல்லாம் விளக்கு விளக்கென்று விளக்கியிருக்கிறேன். மனிதன் தின்றுகொண்டிருக்கிற நிலம் ஒரு தாளிலாவது அவனில்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும்.

உண்மை என்னவென்றால், எனக்கு ஆள் வரைய வராது. ஓவியக் கல்லூரியிலேயே வரவில்லை. நான் வரைந்த மனிதர்கள் சட்டை மாட்டிய கம்பம் போல விறைத்து நிற்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளையும் மிஞ்சியவள். ஆடாமல் நிற்பதையே என் பாணி என்று சொல்லிப் பேர் வாங்கிவிட்டேன்.

என்னைப் படம் போடக் கூட்டிப்போகிறவர் அப்பா. கூட்டிப்போகிறவர் என்று அவர்தான் சொல்லிக்கொள்வார். ஸ்கூட்டர் ஓட்டுவது நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்று, அம்மா போன பிறகு முகப்பேர் ஃப்ளாட்டில் என்னோடு இருக்கிறார். காலையில் பின்சீட்டில் இரண்டு மடக்கு நாற்காலிகளையும் என் பலகையையும் கட்டிப் பிடித்துக்கொண்டு வருவார். பாரிவாக்கம் ஏரிக்கரையில் எனக்கு நிழல் பார்த்து ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய், தண்ணீர் ஓரமாக வெயிலில் உட்கார்ந்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற வெள்ளை முழுக்கைச் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டுதான் வருவார். ஒரு நாள் எரிச்சலில் கேட்டேன்.

"சேத்துல வந்து உக்கார்றதுக்கு எதுக்குப்பா கோயிலுக்குப் போற சட்டை?"

"இருக்கட்டும்மா" என்றார்.

உட்கார்ந்தால் அசைய மாட்டார். செல்போன் அடித்தாலும் எடுக்க மாட்டார். நான் "முடிஞ்சுதுப்பா" என்று குரல் கொடுத்த பிறகுதான் காலை நீட்டி மடக்குவார். வயசாகிவிட்டது, பாவம், உட்கார்ந்தே தூங்குகிறார் என்று நினைத்தேன். படத்தையும் எட்டிப் பார்க்க மாட்டார். "அரகொற வேலைய பாக்கக்கூடாதும்மா. முடிச்சி மாட்டு, அப்ப வந்து பாக்கறேன்" என்பார். லேத்தில் கற்ற பழக்கமாம்.

சென்ற வருடம் நகரத்தில் ஒரு பெரிய கேலரியில் என் படங்களை மட்டும் வைத்துக் கண்காட்சி போட்டார்கள். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்தது. தொடக்க நாளுக்கு அப்பா வரவில்லை. மறுநாள், பழைய கம்பெனி நண்பர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அதே வெள்ளைச் சட்டை. நான் அப்போது ஒரு தம்பதிக்கு, ஆளில்லாத நிலம் எப்படிப் பேசுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கையை ஆட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன்.

முதல் படத்தின் முன்னால் நண்பர்களில் ஒருவர் அப்பாவைக் கேட்பது காதில் விழுந்தது.

"இன்னா மச்சான், இதுல நீ எங்க கீற?"

"இரு மாமே. அடுத்ததுல இருப்பேன்."

அடுத்ததற்குப் போனார்கள். அதற்கும் அடுத்ததற்குப் போனார்கள். முதலில் சுறுசுறுப்பாக முன்னால் நடந்த அப்பா, போகப் போக நண்பர்களுக்குப் பின்னால் வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தூங்கவில்லை. இத்தனை நாள் காலையிலும் அவர் எனக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். மகள் தன்னை வரைகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். உடம்பு கூசிப்போயிற்று. ஆனால் வாய் நிற்கவில்லை. அந்தத் தம்பதியிடம் வெறுமையின் அழகைப் பற்றி அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது.

கடைசிப் படத்தின் முன்னால் அப்பா வெகுநேரம் நின்றார். பிறகு தண்ணீர் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.

"தோ. இதான் நானு."

"டேய், இது கொக்குடா!"

"தூரத்துலருந்து பாத்தா அப்டித்தான் தெரியும். வெள்ள சட்ட போட்டுகினு இருந்தேன் இல்ல?"

நண்பர் விடவில்லை. என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீயே சொல்லு. இது உங்கப்பனா, கொக்கா?"

தம்பதியும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அப்பாதான்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவ்வளவு நேரம் நான் பேசிய பேச்சு அந்தத் தம்பதியின் முன்னால் கவிழ்ந்துபோகும். நான் சிரித்தேன். பேட்டிகளில் சிரிக்கிற சிரிப்பு.

"பாக்கறவங்க எப்படிப் பாக்கறாங்களோ அப்படித்தான் மாமா" என்றேன்.

நண்பர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். அப்பா குனிந்து, ஏற்கெனவே சரியாக இருந்த கைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

வாட்டர்கலரில் வெள்ளையைப் பூசுவதில்லை. அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டால் தாளே வெள்ளையாக நிற்கும். அந்தப் படம் போட்ட அன்று ஏரியில் கொக்கு எதுவும் இல்லை. எனக்கு அந்த மூலையில் ஒரு வெளிச்சம் தேவைப்பட்டது. கண் தானாகப் போய் அப்பாவின் சட்டையில் நின்றது. சட்டையின் அளவுக்குத் தாளை விட்டுவைத்து, கீழே இரண்டு கால், மேலே ஒரு மூக்கு இழுத்துக் கொக்காக்கிவிட்டேன். அவர் காட்டிய இடம் சரிதான். வெள்ளையை எடுத்துக்கொண்டு ஆளைத் தள்ளியவள் நான்.

கண்காட்சிக்கு வந்துபோன அன்று இரவு அவர் நன்றாகச் சாப்பிட்டார். "பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வந்தாங்க இல்லம்மா" என்றார். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

கண்காட்சி முடிந்து மறுபடி ஏரிக்குப் போனபோது அவர் பழைய கோடுபோட்ட சட்டையில் வந்தார். தன் நாற்காலியை எனக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

"இங்க உக்காந்தா மறைக்காது இல்ல?"

அவர் அதைக் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் போயிற்று.

"முன்னாடி போய் உக்காருப்பா. இன்னிக்கு உன்னதான் வரையப் போறேன்."

"வேணாம்மா. உன் படம் கெட்டுடும்."

கெஞ்சினேன். கடைசியில், "அப்ப நாளைக்கு. இந்த சட்டையில நல்லாருக்காது" என்றார்.

மறுநாள் வெள்ளைச் சட்டையில் வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தார். அசையவே இல்லை. நான் வரைந்தேன், கிழித்தேன், மறுபடி வரைந்தேன். தோள் வந்தால் கழுத்து வரவில்லை. இத்தனை வருடம் பாணி என்று சொல்லி மூடிவைத்தது தாளுக்குத் தாள் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. வெயில் உச்சிக்கு வந்தும் "முடிஞ்சுதுப்பா" என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவரே எழுந்து வந்தார். முதல்முறையாக அரைகுறை வேலையை எட்டிப் பார்த்தார். தாளில் சட்டை மாட்டிய ஒரு கம்பம் நின்றுகொண்டிருந்தது.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொக்கே தேவலாம்மா" என்றார்.

தலையை நிமிர்த்தவே முடியவில்லை எனக்கு. அவர் நாற்காலிகளை மடக்கிக் கட்டினார். கட்டிவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கும் இதே சட்ட தான போட்டுகினு வரணும்? போனதும் தொவச்சிப் போட்டுடறேன்."